‘செக்’ என்னும் ஒரு சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கப் பழகுவோருக்குச் சில ஆண்டுகளாக வகுப்பு எடுத்து வருகிறேன். எந்தக் குழுவாக இருந்தாலும் இரண்டாவது வாரத்துக்குள் ‘செக்’ என்ற சொல் யாரையாவது இடறிவிடும். அதையொட்டி எழும் ஐயங்களும் ஏறக்குறைய ஒரே வரிசையில் வந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு முறையும் பலகையில் எழுதி அழிப்பதைவிட ஓரிடத்தில் தொகுத்து வைப்பது நல்லது என்று தோன்றியதால் இதை எழுதினேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

“செக்-னா என்ன அர்த்தம் சார்? ஒரே வார்த்தைல சொல்லுங்க.”

ஒரே வார்த்தையில் சொல்ல இயலாது. பேருந்தில் பயணச்சீட்டைக் காட்டச் சொல்பவர் செக்கர், மாநில எல்லையில் வண்டியை நிறுத்துமிடம் செக் போஸ்ட், மருத்துவமனையில் செய்வது செக்-அப், வங்கியில் கொடுப்பது செக், கட்டம் போட்ட சட்டை செக் ஷர்ட், ஓடையின் குறுக்கே கட்டப்படும் தடுப்பணை செக் டேம், சதுரங்கத்தில் ராஜாவைத் தாக்கினால் சொல்வதும் செக். இவற்றில் எதுவும் பேச்சு வழக்கில் திரிந்த பொருள் அன்று. எல்லாமே ஆங்கில அகராதிகளில் முறையாக இடம்பெற்றவை.

இத்தனைக்கும் பொதுவாக ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடுவது வீண்வேலை. இத்தனை பொருளும் எந்த வழியாக வந்தன என்று தெரிந்துகொண்டால், எந்த இடத்தில் எந்தத் தமிழ்ச் சொல் பொருந்தும் என்பது பெரும்பாலும் தானே விளங்கிவிடும்.

“இதெல்லாம் ஒரே சொல்லா? இல்ல, சத்தம் மட்டும் ஒண்ணா இருக்கிற வேற வேற சொற்களா?”

நல்ல கேள்வி, ஏனெனில் இரண்டு வகையும் ஆங்கிலத்தில் உண்டு. கிரிக்கெட் மட்டையைக் குறிக்கும் ‘பேட்’ என்பதும் வௌவாலைக் குறிக்கும் ‘பேட்’ என்பதும் வெவ்வேறு வேர்களிலிருந்து வந்து, காலப்போக்கில் ஒலியால் ஒன்றாகிப்போனவை. நம் மொழியில் எண்ணைக் குறிக்கும் ‘ஆறு’ என்பதையும் நீரோட்டத்தைக் குறிக்கும் ‘ஆறு’ என்பதையும் போல.

‘செக்’ அப்படிப்பட்டது அன்று. மேலே சொன்ன அத்தனை பொருளும் சதுரங்கப் பலகையிலிருந்து கிளம்பியவை. அங்கிருந்து இரண்டு பாதைகள் பிரிகின்றன. ஆட்டத்தில் எழுப்பப்படும் கூவலிலிருந்து ‘தடு’, ‘கட்டுப்படுத்து’, ‘சரிபார்’ ஆகிய பொருள்கள் வந்தன. ஆடும் பலகையின் தோற்றத்திலிருந்து கட்டம் போட்ட துணியும் அரசுக் கருவூலத்தின் பெயரும் வந்தன. வங்கிக் காசோலையில் மட்டும் இந்த இரண்டு பாதைகளும் மீண்டும் சந்திக்கின்றன. கீழுள்ள பதில்களில் ‘கூவல் வழி’, ‘பலகை வழி’ என்று இவற்றைச் சுருக்கமாகக் குறிப்பிடுகிறேன்.

“ஏதோ ராஜாங்கிற வார்த்தைதான் செக் ஆச்சுன்னு சொன்னீங்க. நம்புற மாதிரி இல்லையே?”

பாரசீகத்தில் அரசனுக்கு ‘ஷா’ என்று பெயர். எதிராளியின் அரசனைத் தாக்கும்படி காயை நகர்த்தியவர் “ஷா!” என்று சொல்லி எச்சரிப்பது ஆட்ட வழக்கம், ‘உன் ராஜாவைப் பார்த்துக்கொள்’ என்பது அதன் கருத்து. ஆட்டம் அரபு நாடுகளின் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்றபோது இந்தக் கூவலும் கூடவே சென்றது. சொல்லின் கடைசியில் மூச்சாக ஒலிக்கும் ‘ஹ்’ ஐரோப்பியர் காதில் ‘க்’ என்று விழுந்தது போலும். இடைக்கால லத்தீனில் அது ‘ஸ்காக்குஸ்’ என்றும், பழைய பிரெஞ்சில் ‘எஷெக்’ என்றும் ஆயிற்று. ஆங்கிலம் முதலில் இருந்த ‘எ’யை உதறிவிட்டுச் ‘செக்’ என்று எடுத்துக்கொண்டது. 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர், விதியோடு சதுரங்கம் ஆடித் தன் ராணியை இழந்த ஒருவனைப் பாடும்போது, இந்தக் கூவலை விதியின் வாயில் வைத்துப் பாடியிருக்கிறார்.

பாரசீகச் சொல்லின் பழைய வடிவம் ‘க்ஷாயதிய’. ஈரானில் பெஹிஸ்துன் மலைப்பாறையில் முதலாம் டேரியஸ் வெட்டுவித்த கல்வெட்டில் அவர் தம்மை ‘அரசர்க்கரசன்’ என்று சொல்லிக்கொள்வது இந்தச் சொல்லால்தான். ஆள்தல் என்னும் பொருளுடைய அதன் வேருக்கு வடமொழியில் உடன்பிறப்பு உண்டு: ‘க்ஷத்ர’, அதாவது நாம் சத்திரியர் என்று சொல்லும் சொல்லின் முதற்பகுதி. டெல்லி பாதுஷாவின் பெயரிலும் இதே ‘ஷா’ இருக்கிறது. ஆகவே பரிசோதகர் டிக்கெட்டைக் கேட்கும்போது நாம் உச்சரிக்கும் சொல், பழைய அரச பரம்பரையைச் சேர்ந்தது என்று தயங்காமல் சொல்லலாம்.

“சதுரங்கம் நம்ம நாட்டு விளையாட்டுதானே? அப்ப இந்த வார்த்தையும் நம்மளுதுதானே?”

விளையாட்டு இங்கிருந்து சென்றதுதான். இந்தச் சொல் இங்கிருந்து சென்றதன்று. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையைக் குறிக்கும் ‘சதுரங்க’ என்ற பெயர் பாரசீகத்தில் ‘சத்ரங்’ ஆகி, அரபியில் ‘ஷத்ரஞ்ச்’ ஆகி, அரபியரின் ஆட்சியில் இருந்த ஸ்பெயினில் ‘அஹெத்ரேஸ்’ என்றும், அதன் அண்டை நாடான போர்ச்சுகலில் ‘ஷத்ரேஸ்’ என்றும் ஒட்டிக்கொண்டது. நம் சொல்லின் வாரிசுகள் அந்த இரண்டும்தாம்.

ஐரோப்பாவின் பெரும்பகுதி படையை விட்டுவிட்டு அரசனைப் பிடித்துக்கொண்டது. இத்தாலியில் ‘ஸ்காக்கி’, பிரெஞ்சில் ‘எஷெக்’, ஜெர்மனில் ‘ஷாக்’, ரஷ்ய மொழியில் ‘ஷாஹ்மதி’ என எல்லாமே ‘ஷா’விலிருந்து வந்தவை. ஆங்கிலத்தின் ‘செஸ்’ என்பதும் வேறொரு சொல் அன்று. பிரெஞ்சு ‘எஷெக்’கின் பன்மை வடிவம் தேய்ந்து ‘செஸ்’ ஆயிற்று. அதாவது சொற்பிறப்பின்படி பார்த்தால் ‘செஸ்’ என்பது ‘செக்’கின் பன்மை. வகுப்பில் இதைச் சொல்லும்போது மட்டும் யாரும் கைபேசியைப் பார்ப்பதில்லை.

“செக்மேட்-னா ‘ராஜா செத்துட்டார்’னு அர்த்தமாம், சரியா?”

பரவலாகச் சொல்லப்படுவதுதான், ஆனால் சரியன்று. ‘ஷா மாத்’ என்பது மூலச் சொற்றொடர். அரபியில் ‘மாத’ என்றால் ‘இறந்தான்’ என்று பொருள் இருப்பதால் அந்த விளக்கம் பிறந்தது. பாரசீகத்தில் ‘மாத்’ என்பதற்குத் திகைத்துப்போன, செய்வதறியாமல் நின்றுவிட்ட என்று பொருள். ஆட்டத்தோடு ஒட்டிப் பார்த்தாலும் இதுவே பொருந்துகிறது: சதுரங்கத்தில் மற்றக் காய்கள் எல்லாம் வெட்டப்படும், அரசன் மட்டும் வெட்டப்படுவதே இல்லை, நகர இடமின்றி நிற்கும்போது ஆட்டம் முடிகிறது.

கூடவே ஒன்று: நண்பனைக் குறிக்கும் ‘மேட்’, அதாவது ‘கிளாஸ்மேட்’, ‘ரூம்மேட்’ போன்றவற்றில் வருவது, வேறு சொல். அது சேர்ந்து உண்பவன் என்னும் பொருளில் ஜெர்மானிய மொழிக் குடும்பத்திலிருந்து வந்தது.

“ராஜாவைக் கூப்பிட்ட சொல் ‘தடு’ங்கிற அர்த்தத்துக்கு எப்படி வந்துச்சு?”

செக் வைக்கப்பட்டவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அதுவரை அவர் ஐந்து நகர்த்தலுக்கு அப்பால் ஒரு திட்டம் வைத்திருக்கலாம். எதிராளியின் ராணியை வெட்ட ஒரே ஒரு நகர்த்தல் மீதி இருக்கலாம். “செக்” என்ற ஒரு சொல் விழுந்தவுடன் எல்லாவற்றையும் அப்படியே நிறுத்திவிட்டு, தம் அரசனைக் காக்கும் வேலையை மட்டுமே செய்யவேண்டும்; வேறெதைச் செய்யவும் விதி இடம் தராது. திடீரென்று வந்து விழும் அந்தத் தடையே சொல்லின் அடுத்த பொருளாயிற்று. ராஜாளியை வைத்து வேட்டையாடியவர்கள், பறவை தான் துரத்திய இரையை விட்டுவிட்டு வழியில் தென்பட்ட வேறொன்றின் பின்னால் திரும்பினால், அதையும் ‘செக்’ என்றார்கள்.

தடுத்து நிறுத்துவதிலிருந்து கட்டுக்குள் வைப்பதற்கு அதிக தூரம் இல்லை. தடுப்பணைக்குச் ‘செக் டேம்’ என்று பெயர் வந்தது இதனால்தான். அது நீரை முழுமையாகத் தேக்குவதில்லை, அதன் வேகத்தை அடக்குகிறது. தண்ணீர் ஒரு பக்கம் மட்டும் செல்லும்படி மோட்டார்க் குழாயில் பொருத்தும் ‘செக் வால்வு’, ஐஸ் ஹாக்கியில் பந்தயக்காரரை உடலால் மோதி மறிக்கும் ‘பாடி செக்’ ஆகியவையும் இந்தக் கூவல் வழியில் வந்தவையே.

“தடுக்கறதும் சரிபார்க்கறதும் ஒண்ணா? அங்கதான் எனக்கு இடிக்குது.”

பலருக்கும் இடிக்கும் இடம் இதுதான். நடுவில் இருக்கும் கண்ணி மோசடி. ஒருவர் கணக்கில் தில்லுமுல்லு செய்யாமல் தடுப்பதற்குச் சிறந்த வழி, அதே கணக்கின் இன்னொரு படியை வேறொருவரிடம் வைத்திருப்பது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிழையும் திருட்டும் தெரிந்துவிடும். அந்த இரண்டாவது படி தவறைத் தடுத்ததால் அதற்குச் ‘செக்’ என்று பெயர். அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் நாளடைவில் ‘செக்’ ஆயிற்று. 17ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் சரிபார்த்தல் என்னும் பொருள் ஆங்கிலத்தில் நிலைபெற்றுவிட்டது. இன்று அதுவே முதற்பொருள் போலத் தோன்றுவதற்குக் காரணம் நாம் ஓயாமல் பயன்படுத்துவது, வேறில்லை.

‘கண்ட்ரோல்’ என்ற சொல் இதே பாதையில் எதிர்த்திசையில் நடந்திருக்கிறது. அது ‘எதிர்ச்சுருள்’ என்னும் பொருளுள்ள இடைக்கால லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கணக்குச் சுருளின் மறுபடிதான் அதன் முதற்பொருள். ஒப்பிட்டுச் சரிபார்ப்பதில் தொடங்கி அது கட்டுப்படுத்துவதில் முடிந்தது. ‘செக்’ கட்டுப்படுத்துவதில் தொடங்கிச் சரிபார்ப்பதில் முடிந்தது.

“பேங்க் செக் எந்தக் கணக்குல வருது?”

முந்தைய பதிலின் நேர்வாரிசு அது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘செக்’ என்றால் பணத்தாள் அன்று, அதன் அடிக்கட்டை. பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, அதே விவரம் எழுதிய கட்டையை வைத்துக்கொள்வார்கள். சீட்டில் யாராவது தொகையைத் திருத்தினால் கட்டை காட்டிக்கொடுத்துவிடும். காசோலைப் புத்தகத்தின் இடது ஓரத்திலோ முன்பக்கங்களிலோ தேதி, பெறுபவர், தொகை என்று எழுதிவைக்க இடம் இருக்கிறதல்லவா, பெரும்பாலோர் எழுதாமல் வெறுமையாக விட்டுவிடும் அந்தப் பகுதிக்குத்தான் முதலில் இந்தப் பெயர் சொந்தமாக இருந்தது. காலப்போக்கில், நம் கையில் தங்கும் துண்டின் பெயர் பிறர் கைக்குப் போகும் துண்டுக்குப் போய்விட்டது. தங்கிய துண்டுக்குக் ‘கவுண்டர்ஃபாயில்’ என்ற பெயரே மிஞ்சிற்று.

‘ஃபாயில்’ என்பதற்கு இலை என்று பொருள். நம் நாட்டு வங்கிகளில் ‘செக் லீஃப்’ என்று சொல்வதும், தமிழில் காசோலை என்று சொல்வதும், ஓலை எழுதிய ஊருக்கு எவ்வளவு இயல்பாகப் பொருந்துகின்றன என்று நான் பலமுறை வியந்ததுண்டு. அண்மைக் காலத்தில் ஆக்கப்பட்ட சொற்களில் காசோலை அளவுக்கு மக்கள் நாவில் ஏறிய சொற்கள் குறைவு.

“அமெரிக்காக்காரங்க பேங்க் செக்கைத் தப்பான ஸ்பெல்லிங்ல எழுதுறாங்களே?”

தவறு அன்று, உண்மையில் அவர்களுடையதுதான் பழைய எழுத்துமுறை. ‘சி-கே’ என்று முடியும் வடிவமே முதலில் எல்லாப் பொருளுக்கும் இருந்தது. பிரிட்டனில் வங்கிச் சீட்டுக்கு மட்டும் ‘க்யூ-யூ-இ’ என்று முடியும் வடிவம் பின்னர் ஏற்பட்டது; அரசுக் கருவூலத்தின் பெயரான ‘எக்ஸ்செக்கர்’ என்ற சொல்லின் எழுத்து அதன்மேல் படிந்ததால் நேர்ந்த மாற்றம் அது. இரண்டு பாதைகளும் சந்திக்கின்றன என்று மேலே சொன்னது இந்த இடத்தைத்தான்: பொருள் கூவல் வழியில் வந்தது, எழுத்து பலகை வழியில் வந்தது.

இந்தியாவிலும் இலங்கையிலும் பிரிட்டிஷ் வடிவமே வழக்கு. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் அந்த எழுத்தில்தான் காசோலையை வரையறுக்கிறது. செக் பவுன்ஸ் வழக்குகளுக்கு ஆதாரமான 138ஆம் பிரிவு இருப்பதும் அதே சட்டத்தில்தான். வங்கிக்கு எழுதும் கடிதத்தில் அமெரிக்க வடிவத்தை எழுதினால் யாரும் திருப்பி அனுப்பமாட்டார்கள், இருந்தாலும் நம் நாட்டு வழக்கை ஒட்டி எழுதுவதே முறை.

“எக்ஸ்செக்கர்-னு ஒரு இலாகாவுக்குப் பேரு. அதுக்கும் சதுரங்கத்துக்கும் என்ன சம்பந்தம்?”

பிரிட்டனின் நிதியமைச்சரை இன்றும் ‘சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்’ என்கிறார்கள். நேர்ப்பொருளில் சொன்னால் சதுரங்கப் பலகையின் அமைச்சர். பலகை வழியில் மிகச் சுவையான பகுதி இது.

12ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து அரசனின் பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல், கருவூலம் எப்படி இயங்குகிறது என்பதைக் கேள்வி-பதிலாகவே லத்தீனில் ஒரு நூலாக எழுதிவைத்திருக்கிறார். அதன்படி, ஏறக்குறைய 10 அடி நீளமும் 5 அடி அகலமும் உள்ள ஒரு மேசை. மேலே வைப்பது உருண்டு விழாதபடி சுற்றிலும் நான்கு விரல் உயரத்துக்கு விளிம்பு. அதன்மேல் கோடுகளால் பிரிக்கப்பட்ட கறுப்புத் துணி. ஒவ்வொரு பத்தியும் ஒரு மதிப்பு: பென்னி, ஷில்லிங், பவுண்டு, இருபது பவுண்டு, நூறு, ஆயிரம் என்று ஏறிக்கொண்டே போகும். ரோமானிய எண்களை வைத்துக்கொண்டு, 12 பென்னிக்கு ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங்குக்கு ஒரு பவுண்டு என்று தாளில் கூட்டிக்கழிப்பது எவ்வளவு கடினம் என்று சொல்லவேண்டியதில்லை. துணியில் வில்லைகளை வைத்து நகர்த்தினால் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் கணக்குக் கண்ணெதிரே தெரியும். ஆண்டுக்கு இரண்டு முறை, மாவட்டங்களில் வரி வசூலிக்கும் ஷெரீஃபுகள் அந்த மேசையின் முன் வந்து கணக்கு ஒப்புவிக்கவேண்டும். கட்டவேண்டிய தொகை ஒரு வரிசையில், கட்டிய தொகை இன்னொரு வரிசையில். சதுரங்கத்தில் அரசர்கள் மோதுவதுபோல இங்கே பொருளாளரும் ஷெரீஃபும் மோதுகிறார்கள் என்று ஃபிட்ஸ்நீலே எழுதுகிறார். பழைய பிரெஞ்சில் சதுரங்கப் பலகைக்கு ‘எஷெக்கியே’ என்று பெயர். துணியின் பெயர் மேசைக்கும், மேசையின் பெயர் அலுவலகத்துக்கும் வந்து சேர்ந்தது.

கட்டிய பணத்துக்கு ரசீதாக, வெட்டுத் தடங்கள் இட்ட குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து ஆளுக்கொரு பாதி வைத்துக்கொண்டார்கள். இரண்டாவது படி என்று மேலே விளக்கிய அதே தந்திரம். பல நூற்றாண்டுகள் குவிந்துகிடந்த அந்தக் குச்சிகளை 1834ஆம் ஆண்டு அக்டோபரில் உலையிலிட்டு எரித்தபோது தீ பரவி, லண்டன் நாடாளுமன்றக் கட்டடமே எரிந்துபோனது.

“கட்டம் போட்ட துணிக்கு ‘மெட்ராஸ் செக்’னு சொல்றாங்களே, அது நம்ம மெட்ராஸா?”

நம் மெட்ராஸேதான். சதுரங்கப் பலகை போன்ற கட்டங்கள் உள்ள துணி ‘செக்கர்’ எனப்பட்டு, பின் ‘செக்’ என்று சுருங்கியது. சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏற்றுமதியான கைத்தறிக் கட்டத் துணி அந்தப் பெயரோடு உலகம் சுற்றியது. மேற்கு ஆப்பிரிக்காவில், குறிப்பாக நைஜீரியாவின் கலபாரி மக்களிடம், பிறப்பு முதல் இறப்பு வரையிலான சடங்குகளில் அது இடம்பெற்றுவிட்டது. அவர்கள் அதை ‘இஞ்சிரி’ என்கிறார்கள். கரீபியன் கடலில் உள்ள செயிண்ட் லூசியா, டொமினிக்கா தீவுகளில் பெண்களின் மரபுடையில் இந்தத் துணிக்கு இடமுண்டு, பெயரும் ‘மெட்ராஸ்’ என்பதுதான்.

துவைத்தால் சாயம் போகும் என்பது அந்தத் துணியின் குறை. 1960களில் அமெரிக்க வணிகர்கள் அந்தக் குறையையே பெருமையாக்கி, ‘சாயம் கசியும் மெட்ராஸ்’ என்று விளம்பரம் செய்து விற்றார்கள். வீட்டில் வெள்ளை வேட்டியோடு புதுக் கைலியை ஊறவைத்துத் திட்டு வாங்கிய எவருக்கும் இந்த வணிகத் திறமை எரிச்சலைத்தான் தரும்.

“இங்கிலீஷ் படத்துல ஹோட்டல்ல ‘செக் ப்ளீஸ்’னு கேக்குறாங்க. செக்லயா பணம் கட்டுறாங்க?”

இல்லை, அங்கே ‘செக்’ என்றால் பில். அமெரிக்க வழக்கு அது. நாமும் பிரிட்டிஷாரும் பில் என்றே சொல்கிறோம். சரிபார்க்க உதவும் சிறு சீட்டு என்னும் பொருளிலிருந்து அது வந்தது. மழையால் பேஸ்பால் ஆட்டம் நின்றால் வேறொரு நாள் வருவதற்குக் கொடுத்த சீட்டு ‘ரெயின் செக்’. இன்று அது ‘இப்போது வேண்டாம், இன்னொரு நாள் பார்ப்போம்’ என்று நாகரிகமாக நழுவுவதற்குப் பயன்படுகிறது.

“டிக் மார்க்கும் செக் மார்க்கும் வேற வேறயா?”

குறி ஒன்றுதான், பெயர் இரண்டு. பிரிட்டிஷார் ‘டிக்’ என்பதை அமெரிக்கர் ‘செக்’ என்கிறார்கள். கணினி அமெரிக்கர் வழியாக வந்ததால் திரையில் ‘செக் பாக்ஸ்’ என்று வருகிறது. அதைச் ‘சோதனைப் பெட்டி’ என்று தமிழாக்கிய ஒரு படிவத்தை நானே பார்த்திருக்கிறேன். ‘தேர்வுக் கட்டம்’ என்பது எளிது.

“‘செக்ஸ் அண்ட் பேலன்ஸஸ்’ங்கிறதைத் தமிழ்ல எப்படிப் போடணும்?”

முதலில் எப்படிப் போடக்கூடாது என்று சொல்லிவிடுகிறேன். அரசியலமைப்பு பற்றிய கட்டுரையொன்றில் ஒரு மாணவர் ‘காசோலைகளும் இருப்புகளும்’ என்று எழுதிக் கொடுத்தார். இயந்திரம் செய்தது, அவர் படித்துப் பார்க்கவில்லை. நாடாளுமன்றமும் அமைச்சரவையும் நீதிமன்றமும் ஒன்றையொன்று வரம்பு மீறாமல் தடுத்து, ஒன்றுக்கொன்று எடைக்கு எடை நிற்பதையே அந்தத் தொடர் சொல்கிறது. ‘தடைகளும் சமன்களும்’ என்பது நூல்களில் காணப்படுவது. எனக்குத் ‘தடுப்பும் சமன்செய்தலும்’ என்பது பிடிக்கும். எதுவானாலும், கூவல் வழியின் முதற்கட்டமான தடுத்தலே இங்கே பொருள், சரிபார்த்தல் அன்று.

இதே பிழை செய்தித்தாள் வாக்கியங்களிலும் நேர்கிறது. அரசு காய்ச்சல் பரவுவதைச் ‘செக்’ செய்ய நடவடிக்கை எடுத்தது என்றால் அதைத் ‘தடுக்க’ என்று எழுதவேண்டும்; ‘சரிபார்க்க’ என்று எழுதினால் அரசு கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது என்றாகிவிடும்.

“செக்கு எண்ணெய், செக்கர் வானம், செக் குடியரசு... இதுக்கெல்லாம் தொடர்பு உண்டா?”

மூன்றுக்கும் இல்லை. செக்கு தமிழ்ச் சொல், வ.உ.சி. கோவைச் சிறையில் இழுத்த செக்குக்கும் பாரசீக அரசனுக்கும் யாதொரு உறவும் இல்லை. செக்கர் வானம் என்பதில் உள்ள ‘செக்கர்’, செம்மை என்னும் சொல்லின் குடும்பம். ‘செக்கச் சிவந்த’ என்பதில் இருப்பதும் அதுவே. செக் நாட்டின் பெயர், அந்த மக்கள் தங்கள் ஆதி முன்னோராகக் கருதும் ‘செக்’ என்ற கதைத்தலைவனின் பெயர். அந்த நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது, ‘சி-இசட்’ என்று போலிஷ் மொழி முறையில் தொடங்கும் விநோதமான எழுத்து வருகிறது.

அரபுப் பெயர்களில் வரும் ‘ஷேக்’ என்பதையும் ‘ஷா’வோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வதுண்டு. ‘ஷேக்’ அரபியில் மூத்தவர், பெரியவர் என்று பொருள்படும் தனிச்சொல்.

“‘எதிர்க்கட்சிக்கு செக் வைத்தார்’னு தமிழ்ல எழுதலாமா, கூடாதா?”

பேச்சிலும் தலைப்பிலும் வந்துவிட்டது, இனி விரட்டமுடியாது. விரட்டவேண்டிய அவசியமும் எனக்குத் தெரியவில்லை. ஆங்கிலேயர் அன்றாடப் பேச்சில் ‘செக்’ என்னும்போது சதுரங்கத்தைப் பெரும்பாலும் நினைப்பதில்லை. நாம் ‘செக் வைத்தார்’ என்று சொல்லும்போது பலகையும் காயும் மனத்தில் நிற்கின்றன. இந்தியிலும் உருதுவிலும் ‘ஷஹ்’, ‘மாத்’ என்று இதே உருவகம் பாரசீகச் சொல்லிலேயே வழங்குகிறது. இருந்தாலும் ஆவண மொழிபெயர்ப்பில் ‘முட்டுக்கட்டை போட்டார்’ என்றோ ‘தடுத்து நிறுத்தினார்’ என்றோ எழுதுவதையே விரும்புவேன்.

“அப்ப ‘அன்செக்ட்’னா ‘சரிபார்க்கப்படாத’ன்னு எழுதிட்டா போதும்தானே?”

போதாது. ஆறு ‘அன்செக்ட்’ ஆகப் பெருக்கெடுத்தது என்றால் தடையின்றி. ஒரு தரவு ‘அன்செக்ட்’ என்றால் சரிபார்க்கப்படாதது. திரையில் ஒரு கட்டம் ‘அன்செக்ட்’ என்றால் குறியிடப்படாதது. இந்த மூன்றும் மேலே சொன்ன பதில்களிலிருந்தே விளங்கும்.

நான்காவது விமான நிலையத்தில் காத்திருக்கிறது. ‘செக்ட் பேகேஜ்’ என்பதைச் ‘சோதனையிடப்பட்ட சுமை’ என்று நினைத்து, கைப்பையையும் அதில் சேர்த்து எழுதிவிடுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க ரயில்களில் பெட்டியை ஒப்படைத்தால் ஒரே எண் பொறித்த இரண்டு பித்தளை வில்லைகள் இருக்கும்: ஒன்று பெட்டியில் தொங்கும், மற்றொன்று பயணியின் கைக்கு வரும். அந்த வில்லைக்குச் ‘செக்’ என்று பெயர். ஆகவே ‘செக்ட்’ என்றால் வில்லை வாங்கிக்கொண்டு ஒப்படைத்த சுமை. நம்மோடு எடுத்துச் செல்லும் பையை எக்ஸ்ரே இயந்திரத்தில் நுழைத்து, திறக்கச் சொல்லி, உள்ளே இருக்கும் ஊறுகாய்ப் பாட்டில்வரை வெளியே எடுத்துப் பார்த்தாலும், அது ‘அன்செக்ட்’ பைதான்.